பிறர் பிள்ளைக்காக ஒரு நெடுவழி

பாரி மாய்ந்த பின்னர் அவன் மகளிர் இருவரையும் உடன் அழைத்துக்கொண்டு கபிலர் சென்ற வழியைப் புறநானூறு காட்டுகிறது. விச்சிக்கோனிடம் சென்றார், இருங்கோவேளிடம் சென்றார். இம்மகளிரை ஏற்றுக்கொள்க என்று வேண்டினார். 200, 201, 202 ஆகிய மூன்று பாடல்களில் அவ்வேண்டுகோளும், அது மறுக்கப்பட்டபோது எழுந்த சினமும் பதிவாகியுள்ளன. தம் பசியும் தம் சுற்றத்தின் பசியும் துரத்த வள்ளலை நாடி நெடுவழி நடந்த பாணரும் புலவரும் சங்க இலக்கியத்தில் பலர். பிறர் பெற்ற மக்களுக்காக ஊர் ஊராகச் சென்று கையேந்தி நின்றவர் கபிலர். அவ்வகையில் அவர் சென்ற வழி ஆற்றுப்படை நூல்கள் காட்டும் வழியினின்றும் வேறுபட்டது. தமக்கென ஒன்றும் வேண்டாத ஒருவர், பிள்ளைகளின் பொருட்டு உடலை வருத்திக்கொண்டு நெடுந்தொலைவு செல்வதே இங்குப் பொருளாகிறது.

இக்காலத்தில் அவ்வழியின் மற்றொரு வடிவமாகக் கருதத்தக்கது, குழந்தைகளின் நலனுக்காக நிதி திரட்டும் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம். இதனை விளையாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிடல் எளிது. ஈகை, இரவல், வழி, உடல்வருத்தம் ஆகிய நான்கும் இதில் கூடுவதால், இலக்கியம் பயில்வோர் ஆராயத்தக்க பொருளாகவும் இஃது அமைகிறது. தருமபுரி மாவட்டத்தை நிலைக்களமாகக் கொண்டு அதனை நோக்குவது இவ்வுரையின் நோக்கம்.

வண்டியும் கொடையும்

நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம் முதலில் அருஞ்செயல் நாட்டமாகவே தோன்றியது. 1923-ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் அறுவர் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டனர். அவர்களுள் மூவர் 1928-இல் பயணத்தை முடித்துத் திரும்பினர். உலகைக் காணும் வேட்கையே அவர்களைச் செலுத்தியது. அவ்வேட்கையோடு கொடையும் இணைந்தது பின்னாளில்தான்.

1980-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பில்லி ஸ்டார் என்பவர் 36 பேரைத் திரட்டி, ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கடற்கரை நகரமான புராவின்ஸ்டவுன் வரை மிதிவண்டியில் அழைத்துச் சென்றார். புற்றுநோய் ஆராய்ச்சிக்காக அவ்வாண்டு திரண்ட தொகை 10,200 டாலர். அத்தொகை சென்று சேர்ந்த டேனா-ஃபார்பர் நிறுவனம், 1947-இல் குழந்தைகளின் புற்றுநோயை ஆராய்வதற்கென்றே சிட்னி ஃபார்பர் தொடங்கியது. அப்பயணம் ஆண்டுதோறும் தொடர்ந்தது. இதுவரை திரட்டிய நிதி 100 கோடி டாலரைக் கடந்துவிட்டது. 2002-இல் டென்மார்க்கின் ரின்கேபி என்னும் பழச்சாறு நிறுவனத்தைச் சார்ந்த 11 பேர் பாரிசு நகருக்கு மிதிவண்டியில் சென்றனர். பயணச் செலவுபோக எஞ்சிய தொகையை ஒடென்சே நகர மருத்துவமனையின் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவுக்கு அளித்தனர். எஞ்சியதைக் கொடுத்த அச்செயலே ஆண்டுதோறும் நிகழும் பெரும் பயணமாக வளர்ந்தது.

இவற்றினும் வியப்புக்குரியது 2010 சனவரியில் இலண்டனில் நிகழ்ந்தது. ஹெய்ட்டி நாட்டு நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு பூங்காவைச் சுற்றி ஐந்து மைல் மிதிவண்டி ஓட்டினான். அவன் எதிர்பார்த்தது 500 பவுன். வந்து சேர்ந்ததோ இரண்டு இலட்சம் பவுனுக்கும் மேல். ஐந்து மைல் நெடுந்தொலைவா என்று வினவலாம். ஏழு வயதுக் கால்களுக்கு அது நெடுந்தொலைவே. ஈகைப் பயணத்தில் தொலைவை அளப்பது மைல்கல் அன்று, செல்பவரின் உடல் என்பதை அச்சிறுவன் உணர்த்தினான்.

இவ்வடிவம் மேலைநாட்டுச் சரக்கு என்று கருதுவோர் தமிழகச் சிற்றூர்களின் ஒரு காட்சியை மறந்தவராவர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஊர்ப் பொதுத்திடலில் ஒருவர் பல நாள் வண்டியைவிட்டு இறங்காமல் சைக்கிள் சுற்றுவார். உண்பது, குளிப்பது, உடை மாற்றுவது எல்லாம் வண்டியின்மேல்தான். இரவில் ஒலிபெருக்கியில் பாட்டு முழங்கும். ஊரார் கூடிநின்று அவர் சட்டையில் ரூபாய்த் தாளைக் குத்திவிடுவர். தன் உடல்வருத்தத்தை ஊரார் முன் வைத்து, அதன்வழி ஈகையைப் பெறும் அக்கலைஞர் பெரும்பாலும் தம் வீட்டுப் பிள்ளைகளின் சோற்றுக்காகவே சுற்றினார். அவர் கடந்த தொலைவு முழுதும் ஒரே வட்டத்துக்குள் அடங்கிற்று. சுற்றியவரும் ஏழை, கொடுத்தவரும் ஏழை. உடல்வருத்தம் கண்டு கை நெகிழ்வது தமிழர்க்குப் புதிதன்று என்பதற்கு அத்திடல்கள் சான்று.

தொலைவு என்னும் வறுமை

இனித் தருமபுரிக்கு வருவோம். 1965 அக்டோபர் 2-ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2004-இல் கிருட்டிணகிரி இதிலிருந்து பிரிந்தது. காஷ்மீரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 இம்மாவட்டத்தின் ஊடே சென்று தொப்பூர்க் கணவாய் வழியாகச் சேலத்தை அடைகிறது. நாட்டின் வடமுனையிலிருந்து தென்முனைக்கு அந்நெடுஞ்சாலை வழியே மிதிவண்டியில் வருவோர் எவராயினும் தருமபுரியைக் கடந்தே செல்ல வேண்டும். ஆயின் நெடுஞ்சாலையில் செல்பவர் கண்ணில் தருமபுரிக் குழந்தைகள் பலர் படுவதில்லை. அவர்கள் பென்னாகரத்துக் காட்டோரங்களிலும், வத்தல்மலையிலும், சித்தேரி, கல்வராயன் மலைகளின் மடிப்புகளிலும் வாழ்கின்றனர். நெடுஞ்சாலைக்கும் அவர்களுக்கும் இடையே உள்ள தொலைவே அவர்தம் வாழ்வின் பெருஞ்சிக்கல்.

வறுமை என்றவுடன் பொருளின்மையே நினைவுக்கு வரும். மலையோர ஊர்களில் வறுமை தொலைவின் வடிவிலும் வருகிறது. பள்ளி தொலைவு, மருத்துவமனை தொலைவு, நல்ல நீரும் தொலைவு. இம்மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பல தலைமுறைக் குழந்தைகளின் பற்களில் படிந்த பழுப்புக் கறை அந்நீரின் எழுத்து. காவிரி ஒகேனக்கல்லில் வீழ்ந்து ஓடிக்கொண்டிருக்க, அதன் நீர் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தின்வழி ஊர்களைச் சென்றடைந்தது 2013-இல்தான். ஆறு அருகில் இருந்தும் நீர் தொலைவில் இருந்தது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழக மாவட்டங்களுள் எழுத்தறிவில் கடைநிலையில் நின்றது தருமபுரி. ஐந்தாம் வகுப்போ எட்டாம் வகுப்போ முடித்த பெண்பிள்ளை, அடுத்த பள்ளி தொலைவில் இருப்பதால் வீட்டில் நிறுத்தப்படுவதும், நிறுத்தப்பட்டவள் விரைவில் மணம் முடித்துக் கொடுக்கப்படுவதும் இங்குப் பழகிப்போன வாழ்வியல் நிகழ்ச்சிகள். வழி நெடிது, துணை இல்லை என்னும் அச்சமே பல பெற்றோரின் உள்ளத்தை மாற்றுகிறது.

அவ்வச்சத்தை ஒரு மிதிவண்டி தகர்க்கும் என்பதற்குச் சான்றுண்டு. பீகார் அரசு 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கு மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளியலறிஞர் இருவர் அதன் பயனை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டனர். உயர்நிலைப் பள்ளியில் மாணவியர் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்ததென்றும், ஆண், பெண் சேர்க்கை இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததென்றும் கண்டனர். அவ்வளர்ச்சி பெரும்பாலும் பள்ளிக்கு மூன்று கிலோமீட்டரும் அதற்கு மேலும் தொலைவான ஊர்களிலேயே நிகழ்ந்தது என்பது நுட்பமாக நோக்கத்தக்கது. வண்டி வென்றது தொலைவை. தமிழ்நாட்டில் 2001-ஆம் ஆண்டையொட்டி ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பு பயிலும் மாணவர் அனைவர்க்குமாக விரிந்தது. காலையில் அரூர்ச் சாலையிலும் பாலக்கோட்டுச் சாலையிலும் சீருடையணிந்து வண்டி மிதித்துச் செல்லும் பெண்பிள்ளைகளும் நெடுந்தொலைவுப் பயணியரே. அவர்களுக்குக் கொடியசைக்க எவரும் வருவதில்லை, அவ்வளவே வேறுபாடு.

பாட்டோடு சென்ற சக்கரம்

பெண்ணும் மிதிவண்டியும் இணைந்த வரலாற்றில் புதுக்கோட்டைக்குத் தனியிடம் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கு எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அதனை முன்னின்று ஊக்கினார். 1992-ஆம் ஆண்டு மகளிர் நாளன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டியில் நகரில் அணிவகுத்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். பெண்களுக்கான வண்டிகள் போதாமையால் ஆண்கள் ஓட்டும் வண்டிகளையே பலர் ஓட்டினர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையேயுள்ள கம்பியில் பிள்ளையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதால் அவ்வண்டியையே விரும்பியோரும் உண்டு.

கவிஞர்கள் உளங்கொள்ளத்தக்க செய்தி இதில் ஒன்றுண்டு. அறிவொளித் தொண்டர் முத்துபாஸ்கரன் எழுதிய மிதிவண்டிப் பாட்டு ஊர்தோறும் பாடப்பட்டது. கேலிக்கு அஞ்சி ஒதுங்கிநின்ற பெண்ணை வண்டியின்மேல் ஏற்றியதில் அப்பாட்டுக்கும் பங்குண்டு. ஆட்சியாணை மட்டுமே அதைச் செய்திருக்க இயலாது.

தருமபுரியிலும் கலை அத்தகைய கடமையை ஆற்றியது. பெண்சிசுக் கொலையால் இம்மாவட்டத்தின் பெயர் களங்கமுற்றிருந்த காலம் அது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் விரிந்தது. அதற்கு முன்பே, 1997 முதல், டென்மார்க்கு அரசின் உதவியோடு நடைபெற்ற நலவாழ்வுத் திட்டத்தின்கீழ்க் கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று தெருமுனையில் நாடகம் நடத்தின. பெண்மகவைக் கொல்வோரின் இரக்கமின்மையைப் பழிப்பதோடு நில்லாமல், அக்கொலைக்குப் பின்னுள்ள வரதட்சணையையும் ஆண்மகவு வேட்கையையும் அவை வினாவுக்கு உட்படுத்தின. அவ்வியக்கத்தை வெங்கடேஷ் ஆத்ரேயாவோடு இணைந்து ஆராய்ந்து 2000-இல் எழுதியவர் புதுக்கோட்டை ஆட்சியராயிருந்த அதே ஷீலா ராணி சுங்கத். 2001-இல் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண்குழந்தைகளுக்கு 900 பெண்குழந்தைகளும் இல்லாதிருந்த இம்மாவட்டத்தில் 2011-இல் அவ்வெண்ணிக்கை 910-ஐத் தாண்டியது. இவ்வுயர்வுக்குக் காரணங்கள் பல. ஊர் ஊராகச் சென்றவர்களின் கால்களையும் அவற்றுள் ஒன்றாகக் கொள்வது பொருந்தும்.

கடந்து செல்வோரும் தங்கி வாழ்வோரும்

ஈகைப் பயணத்தின்மீது ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. நிதி திரட்ட வண்டி எதற்கு, கொடுப்பதை நேரே கொடுத்துவிடலாமே என்பது அத்தடை. பயணச் செலவும் விளம்பரமும் கொடையின் ஒரு பகுதியைத் தின்றுவிடும் என்பதும் மெய்யே. எஞ்சுவதையே கொடுப்பது டென்மார்க்குப் பயணத்தின் தொடக்கமாயினும், எஞ்சுமளவு எவ்வளவு என்று கணக்கை அவையில் வைப்பது ஒவ்வொரு பயணத்தின் கடமையும் ஆகும். கணக்குக் காட்டாத ஈகை, ஈகையின் பெயரால் நிகழும் உல்லாசமாகிவிடும்.

இதனினும் ஆழமான தடை வேறொன்று. பயணி கடந்து செல்பவர். குழந்தையோ அவ்விடத்திலேயே இருப்பது. நீலகிரி மலைகளில் 2008 முதல் நடைபெறும் மிதிவண்டிச் சுற்றுப்பயணம்போல, அறக்கொடையையும் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்ட பயணங்கள் தென்னகத்தில் பெருகியுள்ளன. பல நூறு கிலோமீட்டரை ஒரு வாரத்தில் கடப்போர் ஓர் ஊரில் நிற்பது ஒரு வேளை உணவுக்கு. அவ்வொரு வேளையில் ஒரு குழந்தையின் வாழ்வு மாறிவிடாது. மாறவேண்டுமாயின் அங்கே தங்கி வாழ்பவர் ஒருவர் வேண்டும்.

அதற்குச் சான்று சிட்லிங்கி. அரூருக்கு அப்பால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே கிடக்கும் பள்ளத்தாக்கு அது. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் வாழ்வது. காந்திகிராமத்தில் பணியாற்றிய மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இணையர் 1993-இல் அங்குக் குடியேறினர். அருகிலிருந்த மருத்துவமனைக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் செல்லவேண்டும். பிறந்த 1,000 குழந்தைகளுள் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்த காலம். ஒரு குடிசையில் மருத்துவம் தொடங்கியது. அவ்வூர்ப் பெண்களே செவிலியராகவும் நலப்பணியாளராகவும் பயிற்றப்பட்டனர். ஆண்டுகள் செல்லச்செல்ல அக்குழந்தை இறப்பு விகிதம் 20 அளவுக்கு இறங்கியது. தொலைவைக் கடந்து வந்த இருவர், மீண்டும் கடந்து போகாமல் அங்கேயே நின்றதால் விளைந்தது இது. ஐம்பது கிலோமீட்டர் தொலைவு அக்குழந்தைகளுக்கு இல்லாமற் போயிற்று.

எனவே பயணிக்குரிய கடமை தெளிவாகிறது. தங்கி வாழ்பவரைத் தேடிக் கண்டு, அவர் கையில் தாம் திரட்டியதை ஒப்படைப்பதே அது. ஆற்றுப்படையின் இலக்கணமும் இதுவே. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வள்ளலிருக்கும் வழியைக் காட்டினான். இன்றைய பயணி திசையை மாற்றிக் காட்டுகிறான். பொருளுடையாரை நோக்கி, பொருள் தேவைப்படும் இடத்துக்கு வழி சொல்கிறான். வழி சொல்பவனுக்கு அவ்வழி தெரிந்திருக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. பிள்ளைகள் வாழும் ஊரின் பெயரும் அறியாமல் பிள்ளைகளுக்காகப் பயணம் செய்வது வழி தெரியாதவன் பாடிய ஆற்றுப்படையாக முடியும்.

தகடூர் தந்த இலக்கணம்

கொடுக்கும் முறைக்கு வேறெங்கும் இலக்கணம் தேடவேண்டியதில்லை. தருமபுரியே பழைய தகடூர். அதன் வேந்தன் அதியமான் நெடுமான் அஞ்சி அருமை மிக்க நெல்லிக்கனியை ஔவைக்கு அளித்த செய்தி பள்ளிச் சிறுவரும் அறிந்தது. அவன் கொடுத்தான் என்பதை நினைவிற்கொண்டோர், எவ்வாறு கொடுத்தான் என்பதை மறந்தனர். அக்கனியின் பயனை முன்னரே உரைத்தால் ஔவை அதனை ஏற்றிருக்கமாட்டார். அதனால் சொல்லாமற் கொடுத்தான். பெறுபவர் தாம் பெறுவது பெரிதென்று உணர்ந்து கூசாதவாறு கொடுப்பதே அவன் காட்டிய நெறி.

ஒரு புத்தகப்பைக்காக ஒரு சிறுமியை மேடையேற்றி, பத்துப் பேர் நடுவே நிறுத்திப் படமெடுத்து, அப்படத்தை ஊரறியச் செய்யும் வழக்கம் இந்நெறிக்கு மாறானது. அச்சிறுமிக்கு நாளை அதே ஊரில், அதே வகுப்பில் வாழவேண்டியிருக்கிறது. பையின் நிறம் ஓராண்டில் மங்கும். ஏழை என்று அறிவிக்கப்பட்ட நினைவு மங்காது. மிதிவண்டிப் பயணத்தில் மேடைக்கு உரியவர் பயணியே. வருத்தமும் வியர்வையும் அவருடையவை. அவற்றைக் காட்டி அவர் கேட்கட்டும். குழந்தையின் முகத்தைக் காட்டிக் கேட்பதினும் தம் உடலைக் காட்டிக் கேட்பது மேன்மையானது. ஈகைப் பயணம் என்னும் வடிவத்தின் அறம் இதில்தான் அடங்கியிருக்கிறது. பெறுபவர் படவேண்டிய கூச்சத்தை, கேட்பவர் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். கபிலரும் இதையே செய்தார். இருங்கோவேள் மறுத்தபோது அவ்விழிவு புலவரின்மேல் விழுந்தது. அவர் அதனைத் தாங்கி, சினந்து, சொல்லால் எதிர்த்தார்.

கவிஞர் கடன்

சங்கப் புலவர் வள்ளலைப் பாடினர். இன்றைய கவிஞர் மிதிவண்டியில் சென்று நிதி திரட்டியவரைப் பாராட்டிப் பாடலாம், அது தவறன்று. ஆயினும் பாராட்டு அவருக்கு வேறு வழிகளிலும் கிட்டும். பாடப்படாமல் எஞ்சுவது குழந்தை நாள்தோறும் கடக்கும் வழி. மலையிறங்கி வரும் அவ்வழியில் எத்தனை திருப்பம், எந்த இடத்தில் அவளுக்கு அச்சம், எந்தப் புளியமரத்தடியில் அவள் இளைப்பாறுகிறாள், மழைநாளில் வண்டியை எங்குத் தள்ளிக்கொண்டு போகிறாள் என்பவற்றை எந்த அறிக்கையும் எழுதுவதில்லை. கணக்கெடுப்பு அவளை எண்ணிக்கையாக அறியும். அவள் வழியை அறிய வல்லது கவிதை.

பத்தாண்டுகளாகக் கவிதையைப் பேணிவந்த ஓர் இலக்கிய வட்டம், இனிவரும் ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தன் கூட்டத்தை நெடுஞ்சாலையினின்று விலகிய ஒரு மலையூர்ப் பள்ளியில் நடத்துமாயின், அது சிறந்த தொடக்கமாகும். அவ்வூர்க்குப் பேருந்தில் செல்லாமல் மிதிவண்டியில் செல்வது இன்னும் நன்று. அப்பிள்ளைகளுக்குக் கவிதை சொல்வதற்கு முன், அவர்கள் வந்த வழியைச் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்வது அவ்வனைத்தினும் நன்று. அவ்வெழுத்தை ஒரு சிறு நூலாக்கி, விற்று வரும் தொகையை அப்பள்ளிக்கே கணக்கோடு அளிக்கலாம். பொருள் சிறிதாயினும், பெறும் பிள்ளைகள் அங்கே இரவலராக நிற்கமாட்டார்கள். நூலின் ஆசிரியராக நிற்பார்கள்.